நூறு காட்டாமல் இறங்காதே

பெட்ரோல் வண்டி வாங்குவதா, மின்சார வண்டி வாங்குவதா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நீங்கள் போடுகிற சண்டை எனக்குத் தெரியும். நானும் அதில் நின்று தொண்டை வற்றக் கத்தியவன்தான். நாற்பது வருஷம் இந்த மலையில் வண்டி பார்த்தவன் என்பதால் நம் குழுவின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். "சேவியர் அங்கிள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெனிட்டா டீச்சர் வேறு சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சேவியர் சொன்னது சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன மாதம் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பெனிட்டா டீச்சர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சார வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு தடவை வத்தலக்குண்டு இறங்கி ஏறுகிறவர் அவர். உடனே லாட்ஜ் வைத்திருக்கிற ரவி, "டீச்சர், பூம்பாறை முத்துப்பாண்டி சோலி தெரியாதா ஒங்களுக்கு? கரண்ட் வண்டிய எறக்குனான், ப்ரேக் புடிக்கல, ஓடையில போயி உக்காந்தான். சேவியண்ணன்தான் வண்டிய பிரிச்சுப் பாத்தாரு, கேளுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். நான் காபியைக் குடித்தேன். "எதுக்கும் பாத்து வாங்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலி என்று கிளம்பிவிட்டேன். முழங்கால் அன்று நன்றாகத்தான் இருந்தது.

முதலில் நான் வேலை கற்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் சேர்ந்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், சைலன்சரில் கை சுட்டுக்கொண்டேன். இதெல்லாம் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்கிற கதைதான், விட்டுவிடலாம். முதலாளி பேர் தாமஸ். கிரீஸ் பட்டறைக்குள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுவார். சாயந்திரம் வரை அதில் ஒரு பொட்டு கறை இருக்காது. எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருக்கும். சத்தம் போடமாட்டார். ஒரு வேலை பிடிக்கவில்லையென்றால் பக்கத்தில் வந்து நின்று, "செஞ்சாச்சா?" என்பார். அவ்வளவுதான். மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. தெரியாத வண்டி வந்தால், வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே, "எனக்குத் தெரியலைங்க, மதுரைக்குக் கொண்டுபோயி காட்டுங்க" என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும். நான் மேஸ்திரியானால் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். செய்தபடியே நடந்தும் காட்டினேன், பாவி.

பிரேக் வேலை என்றால் அவருக்கு ஒரு முறை இருந்தது. வேலை முடிந்ததும் வண்டியைப் பெருமாள்மலை வரை இறக்கவேண்டும். இறக்கியதும் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். பிறகு இடப்பக்கம் முன்சக்கரத்தில் தொடங்கி வரிசையாகச் சுற்றிவந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதற்குச் சூடு தெரியாது. முன்சக்கரம் இரண்டும் ஒரே சூடு, பின்சக்கரம் இரண்டும் ஒரே சூடு இருந்தால்தான் வேலை சரி. ஒன்று மட்டும் கூடவோ குறையவோ இருந்தால், திரும்பி மேலே ஏறு, கழற்று. பிரேக் விஷயத்தில் வாயால் சொல்வதை அவர் நம்பவே மாட்டார்.

இன்னொரு பழக்கமும் அந்தப் பட்டறையில் இருந்தது. மலை இறங்கப் போகிற வண்டி டேங்க் நிறைந்துதான் வெளியே போகும். அந்தக் காலத்து வண்டிகளில் டேங்க் குறைவாக இருந்தால், செங்குத்தான இறக்கத்தில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கி, குழாயில் காற்று ஏறி, வளைவு நடுவில் என்ஜின் அணைந்துவிடும். என்ஜின் அணைந்தால் கியரின் பிடியும் நிச்சயமில்லை. ஆகவே நிரப்பு, பிறகு இறங்கு. தாமஸ் முதலாளி போய்ச் சேர்ந்து, அதே பட்டறையில் நான் தலைமை மெக்கானிக் ஆன பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்ஸி ஸ்டாண்டில் என்னைக் கிண்டல் பண்ணுகிறவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் மீறமாட்டார்கள்.

எனக்கு என்ஜின் என்றால் பைத்தியம். இதையும் ஒளிக்கவில்லை. குளிர்காலக் காலையில் பெட்ரோல் வண்டி முதல் தடவை தும்மி, இரண்டாம் தடவை இருமி, மூன்றாம் தடவை எழுந்து நிற்கிற சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். மின்சார வண்டி வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, "அது மிக்சி, காரா?" என்று ஸ்டாண்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். ஒரு மின்சார வண்டியின் பானெட்டைக்கூட அதுவரை நான் திறந்து பார்த்தது கிடையாது.

அந்த மிக்சியை முதலில் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தவர் முத்துப்பாண்டி. பூம்பாறைக்காரர். வீட்டில் பூண்டு விவசாயம். அவர் மட்டும் ஸ்டீயரிங் மேல் ஆசைப்பட்டு டவுனுக்கு வந்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் மலை ஓட்டியவர், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பனி இறங்கி எதிரே கை நீட்டினால் கை தெரியாத நாளில், லாட்ஜ்காரர்கள் வேறு யாரையும் கூப்பிடமாட்டார்கள், "முத்து இருக்கானா?" என்றுதான் கேட்பார்கள். சிரித்தபடி இருப்பார், அதிகம் பேசமாட்டார். வண்டிகள் மேல் எனக்கிருந்த பைத்தியம் அவருக்கும் உண்டு. என்னிடம் உட்கார்ந்து என்ஜின் கதை கேட்பார். புது வண்டி எடுத்த அன்று முதலில் கொண்டுவந்து காட்டியது எனக்குத்தான். நான் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சத்தமே காணோமே, உசுரு இருக்கா இதுக்கு?" என்றேன். சிரித்துக்கொண்டார்.

ஒரு மாதம் ஏரி, தூண்பாறை, பூம்பாறை என்று மேலேயே ஓட்டினார். பிறகு கீழே இறங்க முதல் சவாரி வந்தது. கொடை ரோடு ஸ்டேஷனில் ஒரு குடும்பத்தை ரயிலேற்றவேண்டும். முதல்நாள் சாயந்திரம் பட்டறைக்கு வந்தார். ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நாளைக்கு வெள்ளனே கீழ எறங்குறேன். சார்ஜ் எழுபத்தெட்டு கெடக்கு. எறக்கம்தான, போதும்ல?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. எழுபத்தெட்டு போதுமா, போதாதா, அந்த வண்டி எப்படி இறங்கும், எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, முக்கா டேங்க்ல மலை எறங்குவியா? இத்தனை வருசம் என்னத்த ஓட்டுன? ராத்திரி பூரா சார்ஜுல போடு. நூறு காட்டாம எறங்காத."

"சரிண்ணே" என்றார். நூறு காட்டிய பிறகுதான் கிளம்பினார்.

நடந்ததைப் பிறகு அவர் வாயால் கேட்டேன். பெருமாள்மலை தாண்டும்போதே கருகல் வாடை. ஊத்து பக்கம் ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் ஆறவிட்டிருக்கிறார். ரயிலுக்கு நேரமாச்சு, வெரசாப் போங்க என்று வண்டியில் இருந்தவர்கள் நச்சரித்திருக்கிறார்கள். கிளம்பி, டம்டம் பாறைக்கு முந்தின இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சாக உள்ளே போய்விட்டது. முன்சக்கரத்தில் புகை. இடப்பக்கம் பள்ளத்தாக்கு, எதிரே பஸ். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பஸ் கடந்து போகிறவரை வண்டியை நேராக வைத்திருந்து, பிறகு வலப்பக்கம் ஒடித்து, மலையோரத்து ஓடையில் முன்சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார். வண்டியில் புருஷன், பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மாமியார். ஒருவருக்கும் ஒரு காயம் இல்லை.

இதை வேறு யாராவது செய்திருந்தால் ஸ்டாண்டில் மாலை போட்டிருப்போம்.

வண்டியைக் கட்டி இழுத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் பானெட்டைத் திறக்கவில்லை, சக்கரத்தைக் கழற்றவில்லை. பட்டறை வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல. இது மலைக்கு ஆவாது. பேட்டரி வெயிட்டு. ப்ரேக் தாங்காது. இவனும் பெடல்ல ஏறி உக்காந்து மிதிச்சுட்டே வந்திருக்கான்."

முத்துப்பாண்டி வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "இல்லண்ணே. எப்பவும் காலெடுத்தா வண்டி தானா அடங்கும். கியர்ல எறங்குற மாரி இருக்கும். அன்னைக்கு அடங்கவே இல்லண்ணே. வழுக்கிட்டே போச்சு."

"பதட்டத்துல ஒனக்கு அப்பிடித் தோணிருக்கும், போ" என்றேன்.

சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கரண்ட் வண்டி மலைக்கு ஆகாது என்பது பாதி. மீதிப் பாதி, முத்துப்பாண்டிக்கு மலை ஓட்டத் தெரியவில்லை என்பது. இந்த ஊரில் ஒரு டிரைவரைப் பார்த்து அதைச் சொல்வதைவிட, கன்னத்தில் அறைந்துவிடலாம்.

பிரேக் பேட் மாற்றினேன், எண்ணெய் மாற்றினேன், பிரேக் தட்டுகளைக் கடைசல் பிடித்துப் போட்டேன். தாமஸ் முதலாளி முறைப்படி பெருமாள்மலைக்கு இறக்கினேன். அப்போது சார்ஜ் எழுபத்தொன்று. முதல் வளைவில் காலை எடுத்ததும் வண்டி தானாகவே அடங்கியது. இரண்டாவது கியரில் இறங்குகிற வண்டியைப் போலக் கட்டுப்பட்டு வந்தது. பிரேக்கை நான் தொட்டதே நாலைந்து தடவைதான். பெருமாள்மலையில் கல் வைத்து, புறங்கையால் தொட்டேன். நாலு சக்கரமும் சில்லென்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் சார்ஜ் எழுபத்துமூன்று. இறங்க இறங்க ஏறியிருக்கிறது.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்பப் பிடிக்கவில்லை. வண்டியை மேலே கொண்டுவந்து, நூறு காட்டுகிறவரை சார்ஜ் போட்டு, மறுநாள் காலையில் அதே சாலையில் தனியாக இறக்கினேன். காலை எடுத்தேன். வண்டி அடங்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது, முத்துப்பாண்டி சொன்ன அதே சொல். சாலை காலியாக இருந்ததால் ஊர்ந்தபடி, நிறுத்தி நிறுத்திப் போனேன். அப்படியும் பெருமாள்மலையில் முன்சக்கரத்தில் புறங்கை வைத்ததும் தோல் வெந்துவிட்டது. எதிரே டீக்கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார்.

விஷயம் இவ்வளவுதான். மின்சார வண்டியில் காலை எடுத்தால், சக்கரம் சுற்றுகிற வேகத்தை வாங்கி அது பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. அந்தப் பிடிதான் நம் கியர் பிடிக்குப் பதில். பேட்டரி நிறைந்திருந்தால் போட்டுக்கொள்ள இடமில்லை. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஆகவே பிடியும் கிடையாது, முழு இறக்கமும் பிரேக் தலையில் விழும். மேலிருந்து இறங்குகிறவன் எழுபது, எண்பதோடு இறங்கவேண்டும். பெட்ரோல் வண்டிக்கு நாம் காலம்காலமாகச் சொல்லிவந்ததற்கு நேர் எதிர். முத்துப்பாண்டி கொண்டுவந்த எழுபத்தெட்டு சரியான அளவு. அதை நூறாக்கியது நான்.

கை எரிய எரிய அந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நேரே ஸ்டாண்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். பத்து நிமிஷ வேலை. "டேய், தப்பு என்னுதுடா" என்றால் முடிந்தது. போகும் வழியில், ரிட்டயர் ஆக இன்னும் இரண்டே மாதம் என்ற நினைப்பு வந்தது. நாற்பது வருஷம் கட்டிக் காத்த பேர், ஒரு மிக்சி வண்டியாலா போகவேண்டும்? பட்டறைக்குத் திரும்பினேன். வேலைச் சீட்டில், "பிரேக் பேட் தேய்மானம், மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியை எடுக்க முத்துப்பாண்டி வந்தபோது, "எம்பதுக்கு மேல சார்ஜ் போடாத, பேட்டரிக்கு ஆவாது" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. என் கையில் கட்டு இருந்தது. அதைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் அவருக்குக் கீழ்ச் சவாரி கொடுப்பதை நிறுத்தினார்கள். லாட்ஜ்காரர்களும் கூப்பிடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானோ, கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பெடலை மிதிப்பதுபோல் காலை உதைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் கையை ஆட்டி. வெட்கம் கெட்டவன். சிரிப்பு நன்றாக வந்தது.

எனக்கு வழியனுப்பு விழா நடத்தினீர்கள். உங்களில் பாதிப் பேர் அன்று இருந்தீர்கள். சால்வை போட்டீர்கள். பேசினவர்களில் ஒருவர், "கரண்ட் வண்டி மலைக்கு ஆவாதுன்னு சேவியண்ணன் அன்னைக்கே சொன்னாரு, அந்த வாய் பொய்க்குமா?" என்றார். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் முத்துப்பாண்டி நின்றிருந்தார். அவரும் கைதட்டினார். நான் சால்வையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அதற்கு அடுத்த மாதமே அவர் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பூம்பாறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பெனிட்டா டீச்சர் என்னைப் பார்த்த பார்வைதான் தூங்கவிடவில்லை. என் பொய்யைக் கேட்டு அவர் வண்டி வாங்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. வாங்கி, ஊரில் எல்லாரும் சொல்கிறபடி நூறு நிரப்பிக்கொண்டு இறங்கினால்? உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் பூம்பாறைக்கு பஸ் ஏறினேன்.

முத்துப்பாண்டி வீட்டு வாசலில் தார்ப்பாயில் பூண்டைக் குவித்து, தண்டை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, முழங்காலு தேவலையா?" என்றார். டீ வந்தது. நான் டீயைத் தொடாமல், நின்றபடியே சொன்னேன்.

"முத்து, அன்னைக்குத் தப்பு ஒன் மேல இல்ல. வண்டி மேலயும் இல்ல. நான் சொன்னேன்ல நூறு, அதான் தப்பு."

அவர் உட்கார்ந்து மறுபடியும் கத்தியை எடுத்தார். "தெரியும்ணே."

"எப்பத் தெரியும்?"

"பதினஞ்சு நா கழிச்சு. வண்டியோட குடுத்த பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு. எம் மக இங்கிலீசுல படிச்சுச் சொன்னா. அந்தப் பதினஞ்சு நாளும் எனக்கு ஓட்டத் தெரியலன்னுதான் நானே நெனச்சிட்டிருந்தேன். பஸ்சுல போனாக்கூட வளைவுல கண்ண மூடிக்குவேன்."

"எங்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாம்ல?"

"வந்தேன். பட்டறை வாசல்ல நீங்க கையக் கால ஆட்டிச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பிட்டேன்." ஒரு பூண்டை அறுத்துக் கூடையில் போட்டார். "நீங்க ரெண்டாந்தடவ வண்டிய எறக்குனது, கை வெந்தது எல்லாம் டீக்கடைக்காரரு சொன்னாரு. அப்ப ஒங்களுக்கும் தெரிஞ்சிருச்சுன்னு தெரியும். அண்ணன் எப்பிடியும் சொல்லிருவாருன்னு இருந்தேன். மூணு மாசம் இருந்தேண்ணே."

தார்ப்பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சிரு என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சின்னதாகத்தான் எனக்குக் குரல் வந்தது. வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு வா, எல்லார் முன்னாலும் சொல்கிறேன், மலருக்கும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று கூப்பிட்டேன்.

"நான் எதுக்குண்ணே அங்க? மலருக்கு எழுதச் சொன்னாகன்னீங்கல்ல, அதுல எழுதுங்க."

"எழுதுறேன். ஒன் பேரு வராமப் பாத்துக்கிறேன்" என்றேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

முதல் தடவையாக முகம் சிவந்து என்னைப் பார்த்தார். "ஏண்ணே? சிரிச்சப்ப பேரச் சொல்லித்தான சிரிச்சீங்க? பேரப் போடுங்க. ஊரையும் போடுங்க."

போட்டிருக்கிறேன். பூம்பாறை முத்துப்பாண்டிக்கு மலை ஓட்டத் தெரியும். அன்றைக்கு அந்த இறக்கத்தில் ஐந்து பேரை உயிரோடு நிறுத்தியது அவர் கை. அவர்களை அங்கே தள்ளிவிட்டது என் வாய்.